முப்பத்தொரு சென்டிமீட்டர்

கிரேக்கத் தீவு ஒன்றில் இருக்கும் எங்கள் லெவ்காரி கிராமத்தில் குளிர்காலத்தில் நூற்று நாற்பது பேர் இருப்போம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு காபிக்கடையே தாராளம். எங்களுக்கு இரண்டு உண்டு. இரண்டும் ஒரே சதுக்கத்தில், ஒரே மல்பெரி மரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தப் பக்கத்துக் கடை சக்கெல்லாரிஸுடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்து இருப்பது. அந்தப் பக்கத்துக் கடையை ஃபிலாரெத்தோஸ் வீம்புக்கென்றே திறந்தார். ஃபிலாரெத்தோஸ் முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்த்தவர். அவர் போடும் காபியும் இன்ஜினில் ஊற்றுவது போலத்தான் இருக்கும்.

நான் தெமெலினா. ஊராட்சி அலுவலகத்தின் ஒரே எழுத்தர். எந்தப் பக்கமும் சாயக்கூடாத உத்தியோகம் என்பதால் காலையில் இங்கே ஒரு காபி, அங்கே ஒரு காபி என்று குடித்தாக வேண்டும். பதினோரு வருடம் அப்படிக் குடித்தேன். என் வயிற்றுக்கு அரசாங்கம் தனியாக ஓய்வூதியம் தரவேண்டும்.

இந்த இருவரும் ஒரு காலத்தில் ஒரே கப்பலில் ஒரே அறையில் படுத்தவர்கள். சக்கெல்லாரிஸின் மகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றது ஃபிலாரெத்தோஸ்தான். எங்கள் பக்கம் அது ரத்த உறவுக்குச் சமம். அதன்பின் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ‘கும்பாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளும் மலைச்சரிவில் அடுத்தடுத்து. நடுவில் இடுப்புயரக் கற்சுவர் ஒன்று.

பதினோரு வருடங்களுக்கு முன்பு, எல்லாரும் தங்கள் நிலத்தை அளந்து பதிவு செய்யவேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம் முன்பு, இந்தத் தீவுகளை இத்தாலியர்கள் ஆண்ட காலத்தில் வரைந்த வரைபடங்கள் என் அலமாரியில்தான் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அதில் சக்கெல்லாரிஸின் தோட்டத்து அகலம் பதினெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். சக்கெல்லாரிஸ் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நண்பன் என்ற முறையில் ஃபிலாரெத்தோஸ் பிடித்தார். நாடா பதினெட்டு எழுபத்தொன்று காட்டியது.

“கும்பாரே, இதுல முப்பத்தொரு சென்டிமீட்டர் கூட இருக்கே,” என்றார் ஃபிலாரெத்தோஸ்.

“இத்தாலிக்காரன் மதியம் தூங்கி எழுந்து அளந்திருப்பான்,” என்றார் சக்கெல்லாரிஸ்.

“உனக்குக் கூடியிருக்குன்னா யாருக்கோ குறைஞ்சிருக்கணும். பக்கத்துல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

“என்ன சொல்ற நீ?”

“கோழிக்கூடு கட்டினப்போ சுவரைத் தொட்டியான்னு கேக்கறேன்.”

அவ்வளவுதான். சக்கெல்லாரிஸ் நாடாவைக் கீழே போட்டார். அதன்பின் பதினோரு வருடம் இருவரும் பேசவில்லை. ஃபிலாரெத்தோஸ் பெரிய தீவின் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அது வருடத்துக்கு ஒருமுறை தள்ளிவைக்கப்படுவதற்கென்றே உயிரோடு இருந்தது. இடையில் சக்கெல்லாரிஸின் மனைவி செவஸ்தி நோயில் விழுந்து காலமானாள். அடக்கத்தன்று மழை. ஃபிலாரெத்தோஸ் தேவாலயத்துக்குள் வரவில்லை. ஊரில் பாதிப்பேர் அதை மன்னிக்கவில்லை. மீதிப்பேர் அவருடைய கடையில் காபி குடிக்கிறவர்கள்.

இந்த நிலையில்தான் அரெத்தி அம்மையார் ஏதென்ஸிலிருந்து வந்தார். பூமியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்கிறவர். ஐம்பது வயது, கட்டைக் குரல், ஆண்களின் பூட்ஸ். என் அலுவலகக் கூரையில் குழம்புச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கருவியைப் பொருத்தினார். “இது வானத்துல இருக்கற செயற்கைக்கோள்களோட பேசும். தயவுசெஞ்சு இது மேல துணி காயப்போடாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், நேராகச் சக்கெல்லாரிஸின் கடைக்குப் போய் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கம் எதுவும் கிடையாது. மழைக்கு அதுதான் கிட்டத்தில் இருந்தது.

“உங்க தீவு நகருதுங்க,” என்றார். “வருஷத்துக்கு மூணு சென்டிமீட்டர். தென்மேற்குப் பக்கமா.”

எதிர்க்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல் கழுத்தை மட்டும் நீட்டிக் கேட்டார்கள். ஃபிலாரெத்தோஸ் மரத்தடியில் நின்று, இல்லாத பூனைக்கு மீன்தலை போட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு தள்றா?” என்றார் சக்கெல்லாரிஸ்.

“வேற யாரு, துருக்கிக்காரன்தான்,” என்றார் மூலையிலிருந்து ஒரு கிழவர்.

“அவங்களையே தள்ளுதுய்யா,” என்றார் அரெத்தி. “அரேபியா இருக்கற நிலம் வடக்க வந்து, துருக்கியோட கிழக்குக் கோடியில மோதுது. ரெண்டு கண்டம் முட்டுச்சுன்னா சும்மா இருக்குமா? மேல மலை எழும்பும். அதை விடுங்க. அடியில என்ன ஆகுதுங்கறதுதான் என் வேலை. அண்ணே, அந்த மாவைக் கொஞ்சம் கொடுங்க.”

சக்கெல்லாரிஸ் பாலாடைக்கட்டி அப்பத்துக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்தார். அரெத்தி அதை மேசையில் வைத்து, மேலே தட்டிலிருந்த கேப்பர் ஊறுகாயில் பத்துப் பன்னிரண்டு மொட்டுகளை எடுத்து அழுத்திப் பதித்தார்.

“கீழே இருக்கறது பாறைதான். ஆனா அவ்வளவு ஆழத்துல, அவ்வளவு சூட்டுல, அது நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல இந்த மாவு மாதிரி ஓடும். இதோ, ரெண்டு கண்டம்.” இரண்டு உள்ளங்கைகளையும் மாவின் ஒரு கோடியில் வைத்து அழுத்தினார். மாவு நசுங்கி, இடம் இருந்த பக்கமாக வழிந்தது. “அங்க நசுங்கினது எங்க போகும்? எங்க காலியா இருக்கோ அங்க. மேற்குப் பக்கம் நம்ம கடல்தான் காலி. இப்ப கேப்பரைப் பாருங்க.”

பார்த்தோம். கேப்பர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஒரு வில் போல வளைந்து முன்னால் போயிருந்தன.

“இதுதான் கிரீட், கார்பதோஸ், ரோட்ஸ் எல்லாம் சேர்ந்த வளைவு. பின்னால மாவு இழுபட்டு மெலிஞ்சு குழிஞ்சிருக்கு பாருங்க, அந்தக் குழியிலதான் ஏஜியன் கடல் தேங்கியிருக்கு. வளைவுக்கு உள்பக்கமா எரிமலைங்க வரிசையா நிக்குது. நீங்க உக்காந்திருக்கறதும் அதுல ஒண்ணு மேலதான்.”

“அப்ப அரேபியா அங்க முட்டினதுக்கு, இங்க என் கோழிக்கூடு நகருதா?” என்றார் சக்கெல்லாரிஸ்.

“நகருது. ஆனா அதோட...”

“கேட்டீங்களா எல்லாரும்! சுவரை நகத்தினது அரேபியா!”

“அண்ணே, சொல்றதைக் கேளுங்க. உங்க வீடு, அவர் வீடு, சுவர், இந்த மேசை, எல்லாம் சேர்ந்தே போகுது. ஒண்ணு மட்டும் தனியா...”

யாரும் கேட்கவில்லை. சக்கெல்லாரிஸ் எல்லாருக்கும் இலவசமாகச் சுமாதா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதாம் பானத்தை அவர் கல்யாணத்துக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்.

“ஒரு விஷயம்,” என்றார் அரெத்தி, நேர்மையானவர் என்பதால். “இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. வடக்க ஒரு பேராசிரியர் இருக்கார். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன் டாக்டரம்மா?”

“ஒன்பது வருஷமா நாங்க பேசிக்கறதில்ல.”

கடை முழுக்க ஒரு திருப்திப் பெருமூச்சு எழுந்தது. அந்த நிமிடமே அவர் எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டார்.

மரத்தடியில் நின்ற ஃபிலாரெத்தோஸின் காதில் கடைசி மூன்று வாக்கியங்கள் மட்டும் தேனாகப் பாய்ந்திருக்கின்றன. மறுநாள் காலை எட்டு மணிக்கு என் அலுவலகத்தில் நின்றார்.

“தெமெலினா, அந்தப் பெட்டியில தட்டிப் பாரு. அந்த அம்மாவோட யாரு சண்டை?”

கணினியில் தேடினேன். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பேராசிரியர் ஸெர்வூதிஸ். இருவரும் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் ஒருவரையொருவர் கடித்துக் குதறியிருந்தார்கள். ஃபிலாரெத்தோஸ் தன் முத்து முத்தான கையெழுத்தில் கடிதம் எழுதினார்: ‘மதிப்புக்குரிய ஐயா, அரெத்தி அம்மையார் சொல்வது தவறா?’ நான்கு பக்கத்துக்குப் பதில் வந்தது. முதல் வரி: ‘ஆம்.’ ஃபிலாரெத்தோஸ் முதல் பக்கத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார்.

மீதி மூன்று பக்கங்களை நான் படித்தேன். ஸெர்வூதிஸும் தீவு நகர்கிறது என்றுதான் சொன்னார். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, முன்னாலிருந்து இழுக்கப்படுகிறது என்பது அவர் வாதம். தெற்கே கிடக்கும் பழைய கடல்தரை தன் பாரத்திலேயே பூமிக்குள் அமிழ்கிறதாம். மேசைவிரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்தால் தட்டுகளும் கூடவே போவது போல, அது நம்மையும் முன்னால் இழுக்கிறதாம். அடியில் இருக்கும் சூடான பாறை, காலியான இடத்தை நிரப்ப வந்து சேர்வது மட்டும்தானாம். மோதல் காரணமில்லையாம்.

ஃபிலாரெத்தோஸுக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம். “தள்ளலன்னு எழுதியிருக்காரா இல்லையா? தள்ளலன்னா சுவரை நகத்தினது அவன்தான்.”

அந்தக் கோடையில் ஊர் இரண்டாகப் பிளந்தது. ஏற்கெனவே பிளந்துதான் இருந்தது. இப்போது அதற்கு ஒரு தத்துவம் கிடைத்துவிட்டது. சக்கெல்லாரிஸின் கடை தள்ளும் கட்சி. ஃபிலாரெத்தோஸின் கடை இழுக்கும் கட்சி. கண்டம் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூட மேசையில் குத்திப் பேசினார்கள். ஆகஸ்டில் ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜின் துறைமுக வாயிலில் நின்றுபோனது. அதைப் பின்னாலிருந்து தள்ளிக் கொண்டுவருவதா, முன்னாலிருந்து கயிறு கட்டி இழுப்பதா என்று கரையில் முக்கால் மணி நேரம் வாக்குவாதம். படகு அதுவாகவே மிதந்து போய்ப் பாறையில் முட்டியது. படகின் சொந்தக்காரன் அன்றிலிருந்து வீட்டிலேயே காபி போட்டுக் குடிக்கிறான்.

நீதிமன்றத்தில் சக்கெல்லாரிஸின் வக்கீல், பூமி நகர்வதால் தன் கட்சிக்காரர் நிரபராதி என்று மனுக் கொடுத்தார். ஃபிலாரெத்தோஸின் வக்கீல், பூமி தள்ளப்படவில்லை என்று எதிர்மனுக் கொடுத்தார். நீதிபதி இரண்டையும் படித்துவிட்டு, இரண்டு நிபுணர்களும் நேரில் வந்து தன் கண்முன்னே அளக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். அவர் கொஞ்சம் சாய்வாகச் சிரித்ததாகவும் கேள்வி.

அடுத்த வருடம் மே மாதம் மூன்று பேரும் ஒரே படகில் வந்து இறங்கினார்கள். நான் துறையில் நின்றிருந்தேன். ஸெர்வூதிஸ் படகின் முன்கோடியில் உட்கார்ந்திருந்தார். அரெத்தி பின்கோடியில். இழுக்கிறவர் முன்னால், தள்ளுகிறவர் பின்னால், நடுவில் இரண்டு மணி நேரம் வாந்தியெடுத்த நீதிபதி. கரையில் கால் வைத்ததும் நீதிபதி கேட்ட முதல் கேள்வி: “இந்தத் தீவு இப்பவும் நகருதா?”

“நகருதுய்யா.”

“அடப்பாவமே,” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மலைச்சரிவில் ஊரே திரண்டிருந்தது. தள்ளும் கட்சி சக்கெல்லாரிஸின் தோட்டத்தில், இழுக்கும் கட்சி ஃபிலாரெத்தோஸின் தோட்டத்தில். நீதிபதிக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார்கள். அதை எந்தத் தோட்டத்தில் போடுவது என்று தகராறு வரவே, அவர் நாற்காலியே வேண்டாமென்று சுவரின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இத்தாலியர்கள் அடித்த இரும்பு முளைகள் மூன்றும் அப்படியே இருந்தன: சக்கெல்லாரிஸின் கிழக்கு ஓரத்தில் ஒன்று, சுவரடியில் ஒன்று, ஃபிலாரெத்தோஸின் மேற்கு ஓரத்தில் ஒன்று.

அரெத்தி தன் கருவியால் அளந்தார். ஸெர்வூதிஸ் அதை நம்பாமல் தன் கருவியால் அளந்தார். தாளில் எழுதித் தனித்தனியாக நீதிபதியிடம் கொடுத்தார்கள். நீதிபதி இரண்டையும் விரித்துப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒரே கணக்குதான் எழுதியிருக்கீங்க.”

நிபுணர்கள் இருவருக்கும் முகம் சுண்டிப்போனது.

“சக்கெல்லாரிஸ் தோட்டம், பதினெட்டு எழுபத்தஞ்சு. பத்திரத்தைவிட முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கூட.”

“நான் சொன்னேனா இல்லையா!” என்று ஃபிலாரெத்தோஸ் கத்தினார். அவர் தோட்டத்தில் கைதட்டல்.

“பொறுங்க. ஃபிலாரெத்தோஸ் தோட்டம், இருபத்தொண்ணு பதினஞ்சு. பத்திரத்துல...” நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இருபத்தொண்ணு பதினஞ்சு.”

கைதட்டல் பாதியில் நின்றது.

“உங்களுக்கு ஒண்ணும் குறையலையே,” என்றார் நீதிபதி.

“இருக்காது.”

“ரெண்டு நிபுணர் அளந்திருக்காங்க.”

“குறைஞ்சிருக்கணுமே! அவனுக்குக் கூடியிருக்குல்ல?”

“நீங்க உங்க நிலத்தை எப்பவாவது அளந்தீங்களா?”

ஃபிலாரெத்தோஸ் கையை விரித்தார். “எதுக்குய்யா அளக்கணும்? அங்க கூடினா இங்க குறையும். இதுக்குப் போய் நாடாவா?”

பதினோரு வருடம். ஒரு வழக்கு. இரண்டு வக்கீல்கள். என் வயிறு. இந்த மனிதர் தன் தோட்டத்தில் ஒருமுறைகூடக் குனிந்து அளக்கவில்லை. அன்றைக்கு மரியாதைக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு தனியாக நிறையச் சொன்னேன்.

“அப்ப கூடின நிலம் எங்கிருந்து வந்தது?” என்று நீதிபதி கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்தால் நிபுணர்கள் இருவரையும் காணவில்லை.

கோழிக்கூட்டுக்குள்ளிருந்து அரெத்தியின் பூட்ஸ் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸெர்வூதிஸின் முழங்கால்கள். கோழிகள் அலறிக்கொண்டு வெளியேறின.

“கையை வச்சுப் பாருங்க. சூடா இருக்கு,” என்றது அரெத்தியின் குரல்.

“வச்சுப் பாத்துட்டேன். விரிசல் அந்தக் கோடி வரைக்கும் போகுது,” என்றது ஸெர்வூதிஸின் குரல். ஒன்பது வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவைதான் என்று பிறகு கணக்குப் போட்டோம்.

“அதான் என் கோழிங்க குளிர்காலம் முழுக்க அந்த மூலையிலயே கிடக்குமா!” என்றார் சக்கெல்லாரிஸ். “நான் ஏதோ ஒற்றுமைன்னு நெனச்சேன்.”

“வெளிய வாங்க ரெண்டு பேரும்,” என்றார் நீதிபதி. “நீதிமன்றம் சுவர் மேல காத்திருக்கு.”

தலையெல்லாம் இறகோடு வந்தார்கள். சிறுபிள்ளைகள் மிட்டாய்க்கடையைப் பார்த்தது போல இருந்தது இரண்டு முகமும். அரெத்திதான் விளக்கினார். அந்தத் தோட்டத்துக்குக் குறுக்கே, கூட்டுக்கு அடியில், ஒரு விரிசல் ஓடுகிறது. எரிமலைத் தரையில் இது சின்ன விஷயம்தான். ஆழத்தில் ஓடுகிற பாறைக்கும் இதற்கும் நேரடி முடிச்சுப் போட முடியாது. ஆனால் ஏஜியன் கடலின் தரை முழுவதுமே இழுபட்டு அகலமாகிக்கொண்டிருக்கிறது. அப்படி இழுபடும் இடத்தில் இப்படித்தான் அங்கங்கே தரை வாய் திறக்கும். வருடத்துக்கு மூன்று மில்லிமீட்டர், நாலு மில்லிமீட்டர் என்று. அன்றைக்கு நாடா காட்டியதற்கு மேல் இன்றைக்குக் கூடியிருக்கும் நாலு சென்டிமீட்டரும் அப்படி வந்ததுதான். மண் விழுந்து மூடிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது.

“ஒருத்தன்கிட்ட எடுக்காமலே இன்னொருத்தனுக்குக் கூடும்னு சொல்றீங்களா?” என்று ஃபிலாரெத்தோஸ் மெதுவாகக் கேட்டார்.

“அந்த மாவுக் கதையைக் கேட்டிருப்பீங்களே. விரிஞ்சுது. யாருகிட்டயிருந்தும் எடுக்கல.”

“அதுவும் இழுபட்டதாலதான் விரிஞ்சுது,” என்றார் ஸெர்வூதிஸ்.

“தள்ளினதால.”

“இழுத்ததால!”

“போதும்!” என்றார் நீதிபதி. “சுவரை யாரும் நகர்த்தலைங்கறதுல ரெண்டு பேருக்கும் சம்மதமா?”

“சம்மதம்,” என்றார்கள் ஒரே குரலில்.

“அப்ப வழக்கு தள்ளுபடி.”

“தள்ளு! தள்ளு!” என்று சக்கெல்லாரிஸின் தோட்டம் அதிர்ந்தது. “நீதிபதியே சொல்லிட்டாரு, தள்ளுதான்!” ஸெர்வூதிஸ் இந்தச் சொல்லை ஆட்சேபித்து எழுத்தில் பதிவு செய்யச் சொன்னார். நீதிபதி சுவரிலிருந்து குதித்து, படகு எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.

கூட்டம் கலைந்தது. இழுக்கும் கட்சியினர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். ஃபிலாரெத்தோஸ் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் சக்கெல்லாரிஸ் ஓடிப்போன கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டிருந்தார். நான் நிபுணர்களின் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன், தேவைக்கு மேல் மெதுவாக.

“கூடு சாயுது,” என்றார் ஃபிலாரெத்தோஸ், யாரையும் பார்க்காமல். “ஒரு பக்கத் தூண் இறங்கியிருக்கு. முட்டுக் கொடுக்கணும்.”

சக்கெல்லாரிஸ் இன்னொரு கோழியைப் பிடித்துக் கையில் இடுக்கிக்கொண்டார்.

“என்கிட்ட ஜாக்கி இருக்கு. கப்பல்ல இருந்து கொண்டுவந்தது.”

“திருடிக் கொண்டுவந்தது,” என்றார் சக்கெல்லாரிஸ். “காவல் நின்னது நான்.”

ஃபிலாரெத்தோஸ் உள்ளே போய் ஜாக்கியோடு வந்தார். எழுபது வயதில் சுவரின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். கால் மாட்டிக்கொண்டது.

“வாசல் வழியா வா. மனுஷன் மாதிரி.”

“வாசல் எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு.”

அப்படியே சுவரின் மேல் குதிரையில் உட்கார்ந்தது போல இருந்தபடி, இரண்டு கையாலும் ஜாக்கியைக் கட்டிக்கொண்டு சொன்னார்: “செவஸ்தியை எடுத்த அன்னிக்கு நான் வந்தேன். உள்ள வரல. வெளிய நின்னேன்.”

“தெரியும். தொப்பி இல்லாம நனைஞ்சுகிட்டு நின்ன. ஜன்னல் வழியாப் பாத்தேன்.” சக்கெல்லாரிஸ் கையிலிருந்த கோழியை இறக்கிவிட்டார். “கூப்பிடலாம்னு எழுந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன்.”

“கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்.”

“தெரியும்யா. அதனாலதான் கூப்பிடல. கழுதை மாதிரி வீம்பு எனக்கும் இருந்துது.”

பிறகு சக்கெல்லாரிஸ் போய் ஃபிலாரெத்தோஸின் மாட்டிய காலைப் பிடித்துத் தூக்கினார். ஃபிலாரெத்தோஸ் பொத்தென்று இந்தப் பக்கம் விழுந்தார்.

“தள்ளாதேடா கும்பாரே!”

“தள்ளல. இழுத்தேன்.”

நான் தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கண்ணில் ஏதோ இறகு பட்டிருந்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் என் உத்தியோகம் சுலபமாக இருந்திருக்கும். கூடுதல் நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றவேண்டுமே. படிவத்தில், நிலம் எப்படிக் கூடியது என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்தான் இருந்தன: விலைக்கு வாங்கியது, பரம்பரையாக வந்தது, தானமாகக் கிடைத்தது. தரை விரிந்தது என்று ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை. சக்கெல்லாரிஸும் ஃபிலாரெத்தோஸும் என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து அரை நாள் யோசித்தார்கள். கடைசியில் ‘தானம்’ என்று குறித்தோம். அடுத்த கேள்வி, தானம் கொடுத்தவர் பெயர்.

“அரேபியான்னு எழுது,” என்றார் சக்கெல்லாரிஸ்.

“அதெப்படி? முழுகிப்போன கடல்தரைன்னு எழுது,” என்றார் ஃபிலாரெத்தோஸ். “பேராசிரியர் தெளிவா எழுதியிருக்கார்.”

“நிலம் என்னுது. நான் சொல்றதுதான்.”

“கையெழுத்து என்னுது. நான் எழுதறதுதான்.”

இரண்டையும் எழுதி அனுப்பினோம். ஆறு வாரத்தில் திரும்பி வந்தது: ‘தானம் கொடுத்தவரின் கையொப்பம் இல்லை.’ ஃபிலாரெத்தோஸ் எட்டுப் பக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதினார், மாவு, கேப்பர், மேசைவிரிப்பு எல்லாம் படத்தோடு. அதுவும் திரும்பி வந்தது. இப்போது நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் காலையில் ஒன்றாக வருகிறார்கள், ஒன்றாகக் கத்துகிறார்கள், மதியம் ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள். எனக்கு வேறு வேலை ஓடுவதில்லை.

நிபுணர்கள் அந்த விரிசலின் இரு கரையிலும் இரண்டு பித்தளைக் குமிழ்களைப் பதித்து, ஒரு நுண்ணளவியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கும்பாரேக்கள் இருவரும் கூட்டுக்குள் தலையை விட்டு அளக்கிறார்கள். போன வாரம் சக்கெல்லாரிஸின் கண்ணுக்குக் கால் மில்லிமீட்டர் கூடியதாகத் தெரிந்தது. ஃபிலாரெத்தோஸின் கண்ணுக்கு ஒன்றும் கூடியதாகத் தெரியவில்லை. நிபுணர்களுக்கு எந்தக் கணக்கை அனுப்புவது என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். ஒன்றை அரெத்திக்கும் மற்றொன்றை ஸெர்வூதிஸுக்கும் அனுப்பி வைத்தேன்.